படத்தில் பெயரில்லாத பெண்

குமரேசன் அந்தச் சீனப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை இரண்டு வாரம் படித்திருந்தான். வீட்டில் படத்தைப் போட்டால் சத்தம் வரும். அம்மா கிருஷ்ணவேணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னாடா அது, யாரு ரெண்டு பேரு?" என்பாள். பார்வையாளர் கருத்துகளுக்குச் சத்தம் கிடையாது. காலையில் திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரத்தில் இறங்கும் வரைக்கும், செல்போனை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு படிப்பான். பக்கத்தில் இருப்பவர் சற்றே அசைந்தாலும் திரையை அணைத்துவிடுவான்.

ஏதேதோ நாட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்கள். செல்போன் அவற்றைத் தட்டுத்தடுமாறித் தமிழாக்கிக் கொடுத்தது. "விளக்குக்குக் காசில்லை போலிருக்கிறது, பாதிப் படம் இருட்டு" என்று ஒருவர். "ஒலி மோசம், நடிப்பும் சுமார். ஆனாலும் இரண்டு தடவை பார்த்தேன், ஏன் என்று கேட்காதீர்கள்" என்று இன்னொருவர். "இதே மாதிரி ஓர் ஊர் எனக்கும் இருந்தது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தார் ஒருவர். அந்த ஒரு வரியைக் குமரேசன் எத்தனை தடவை படித்தான் என்று அவனுக்கே தெரியாது.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது. விழுப்புரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். அப்பா இல்லை. ஊருக்கு வெளியே வேர்க்கடலை விளையும் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். கெட்ட பழக்கம் இல்லாத பையன் என்று சொந்தத்தில் பெயர். பாண்டிச்சேரியில் படித்த காலத்தில், அறையில் கூட இருந்த ஒருவனோடு ஒன்றரை வருடம் அவன் சந்தோஷமாக இருந்தது யாருக்கும் தெரியாது. அந்தச் சிநேகிதன் வளைகுடாவுக்குப் போனான், நம்பரை மாற்றினான், அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு குமரேசனின் வாழ்க்கை, எதையும் யாரும் கவனித்துவிடக் கூடாது என்ற ஒரே கவலையில் ஓடியது. எதைப் பார்த்துச் சிரிக்கிறான், யாரை எவ்வளவு நேரம் பார்க்கிறான் என்பதற்கெல்லாம் மனத்துக்குள் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருந்தான்.

ஐப்பசியில் அவனுக்கு நிச்சயம் ஆனது. பெண் ஓமந்தூர், பெயர் புனிதா. திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவனிடம் இருந்த ஒரே காரணத்தை வாயால் சொல்ல முடியாது. ஏழு வருடம் தள்ளிப்போட்டு, கடைசியில் அம்மா இரண்டு நாள் சோறு தின்னாமல் படுத்தபோது தலையாட்டிவிட்டான். தையில் கல்யாணம். புனிதா வாட்ஸ்அப்பில் புடவைப் படங்களை அனுப்பி, "இதுவா, அதுவா?" என்று கேட்பாள். அவன் ஏதாவது ஒன்றைச் சொல்லுவான்.

விழுப்புரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் போடுவார்கள். தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற சுப்பராயலு நடத்தி வந்த சிறிய திரைப்பட மன்றம் அது. ஜன்னல்களை ஃபிளெக்ஸ் பேனரால் மூடிவிட்டு, சுவரில் படத்தைக் காட்டுவார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுத்தாளும் பென்சிலும் கொடுப்பார்கள். பெயர் போடாமல் மனதில் பட்டதை எழுதி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். அதை எடுத்து உரக்கப் படிப்பது நான்கு வருடமாகக் குமரேசனின் வேலை. லேபில் நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் குரல் கணீரென்று ஆகியிருந்தது.

அடுத்த மாதத்துக்கு என்ன படம் போடலாம் என்று சுப்பராயலு கேட்டபோது, குமரேசன் மூன்று படங்களை எழுதிக் கொடுத்தான். முதல் இரண்டும் சும்மா. மூன்றாவது அந்தச் சீனப் படம். எழுதிய உடனே அடித்துவிட நினைத்தான். அதற்குள் அவர் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து, "தம்பி, மூணாவதையே போட்டுரலாம். பார்த்தேன்" என்றார். பார்த்தேன் என்றதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. என்ன பார்த்தார்? படத்தையா, என்னையா?

கார்த்திகை மாதம், அந்த ஞாயிறன்று நல்ல மழை. அப்படியும் இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் பெண்கள்.

படம் எளிமையான கதைதான். சீனாவில் ஏதோ ஒரு சிறிய ஊர். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன் ஒருவன், நூடுல்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன் ஒருவன். கடை சாத்தியதும் இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவார்கள். மோட்டார்காரனுக்கு வீட்டில் கல்யாணம் பேசி முடிக்கிறார்கள். கல்யாணத்தன்று நூடுல்ஸ் கடைப் பையன் மண்டபத்துக்கு வெளியே, மழையில், உள்ளேயும் போகாமல் திரும்பியும் போகாமல் நிற்கிறான். அவ்வளவுதான். மாடிக்கு வெளியே பெய்த மழையும் படத்தில் பெய்த மழையும் கலந்து, எது எது என்று தெரியவில்லை. குமரேசன் படத்தைப் பாதிதான் பார்த்தான். மீதி நேரம் இருட்டில் மற்றவர்களின் பின்மண்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது எழுந்து போகிறார்களா? யாராவது சிரிக்கிறார்களா? இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார். கழிப்பறைக்குப் போயிருந்திருக்கிறார்.

விளக்கு போட்டதும் துண்டுத்தாள்கள் வந்தன. குமரேசன் தன் தாளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் நான்கு வருடமாக எழுதுகிறவன் அவன்தான். அவன் எழுத்து எல்லாருக்கும் தெரியும். கடைசியில் ஒன்றும் எழுதாமல் மடித்து டப்பாவில் போட்டான்.

படிக்கத் தொடங்கினான்.

"படம் ரொம்ப மெதுவா போகுது. நடுவுல ரெண்டு டீ குடிச்சிட்டு வந்திருக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"கேமராவைக் கையில பிடிச்சிக்கினு யாரோ ஓடுன மாதிரி இருக்கு. தலை சுத்துது."

"காசில்லாம எடுத்த படம்னு நல்லா தெரியுது. ஆனா அந்த மழை நிஜ மழை. அந்தப் பையன் நிஜமாவே நனைஞ்சான்."

"இதுக்குப் பேரு நட்பு. வேற அர்த்தம் யாரும் கற்பிக்க வேண்டாம்."

"அசிங்கம்." அந்தத் தாளில் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். கூப்பிட்டுப் பழகிய குரல் அதையும் கணீரென்றே படித்துவிட்டது. அடுத்த தாளைப் பிரித்தான். வெற்றுத் தாள்.

"இதுல ஒண்ணும் எழுதல" என்றான்.

"பேஜாராகிப் போயிருப்பாரு பாவம்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். "சார், ஃபேமிலியோட வர்ற இடம் இது. இந்தப் படத்தை யாரு செலக்ட் பண்ணது?" என்று கேட்டார்.

குமரேசன் கையில் இருந்த தாள்களை மேஜை மேல் வைத்தான். சுப்பராயலு அவன் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தான்" என்றார். "பிடிக்கலன்னா எழுதிப் போடுங்க, தம்பி படிப்பாரு. அதுக்குத்தானே டப்பா?"

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். டப்பாவில் இன்னும் ஒரு தாள் இருந்தது. முன்னும் பின்னும் எழுதியிருந்தது. சாய்ந்த எழுத்து, அழுத்தமான பென்சில். குமரேசன் படித்தான்.

"அந்த ரெண்டு பேருக்காக எல்லாரும் வருத்தப்படுறாங்க. சரி, எனக்கும் வருத்தம்தான். ஆனா அந்தக் கல்யாணப் பொண்ணு மூணு தடவை வர்றா. ஒரு தடவை கூட அவளை யாரும் பேரு சொல்லிக் கூப்பிடல. மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அவன் சிநேகிதனுக்குத் தெரியும். படம் பார்க்குற நமக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அவ பாட்டுக்குச் சிரிச்சிக்கினு போட்டோவுக்கு நிக்கிறா."

அவன் தாளைத் திருப்பினான்.

"அந்தப் பையனுங்க எங்கியாவது அழுது தீர்த்துப்பாங்க. இவ எதுக்கு அழறோம்னு தெரியாமலே ஆயுசுக்கும் அழுவா. என்னால அவளைத்தான் பார்க்க முடியல."

ஆறு பெண்களில் யார் எழுதியது? பெண்தான் எழுதினாளா? அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் எழுதியவர் தன்னைக் கண்டுகொள்வார் என்று ஒரு பயம். பிறகு யாரோ அடுத்த மாதப் படத்தைப் பற்றிக் கேட்டார்கள். குடைகளைத் தேடிக்கொண்டு எல்லாரும் இறங்கிப் போனார்கள்.

மறுநாள் லேபில், அறுபது வயதுக் கிழவர் ஒருவரின் ரத்தம் எடுத்த சோதனைக்குழாயில் ஒட்டும் சீட்டில் அவன் புனிதா என்று எழுதிவிட்டான். அவனே பார்த்துக் கிழித்துப் போட்டான். வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அன்று முழுதும் ஒவ்வொரு குழாயையும் மூன்று தடவை சரிபார்த்தான். மத்தியானம் புனிதாவிடமிருந்து ஒரு புடவைப் படம் வந்தது. அவள் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று எடுத்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை நாலு மணிக்குத் திண்டிவனத்தில் ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள். அவன்தான் கூப்பிட்டிருந்தான். அரை நாள் லீவு போட்டு, வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கியிருந்தான். அவளைப் பார்த்ததும் அடுக்கியதெல்லாம் சரிந்தது.

"எதுக்குங்க திடீர்னு? அப்பாகிட்ட சொல்லிக்கினுதான் வந்தேன்" என்றாள் புனிதா. கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். எலுமிச்சை ஜூஸ் சொன்னாள். அவனுக்கும் சேர்த்துச் சொன்னாள்.

ஜூஸ் வந்தது. பக்கத்து மேஜையில் யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு அவன் சொன்னான். "எனக்குப் பொண்ணுங்க மேல மனசு போகாதுங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். ஆம்பளைங்க மேலதான் போகும். உங்களைக் கட்டிக்கினா அது உங்களுக்குப் பண்ற துரோகம்."

அவள் ஸ்ட்ராவைத் தம்ளருக்குள் சுற்றிக்கொண்டேயிருந்தாள். முகம் மாறுவதை அவன் பார்த்தான். முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, பிறகு சிவந்தது.

"இது வியாதி இல்லன்னு எனக்குத் தெரியும். நான் படிச்சவதான். அதை விடுங்க" என்றாள். "நிச்சயத்துக்கு முன்னாடி ஏன் சொல்லல?"

"பயம்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க?"

படத்தைச் சொன்னான். துண்டுத்தாளைச் சொன்னான். அதில் எழுதியிருந்தது அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. கேட்டுவிட்டுப் புனிதா தெருப்பக்கம் திரும்பினாள்.

"அதை எழுதுனவங்க அன்னிக்கு மழைன்னு வீட்டுலயே இருந்திருந்தா?"

அவன் தன் தம்ளரை நகர்த்தி வைத்தான்.

"தையில எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். நீங்க வாயைத் தொறந்திருக்க மாட்டீங்க. அப்படித்தானே?"

"ஆமாங்க" என்றான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. எனக்குப் போன் பண்ணாதீங்க" என்றாள். தெருவுக்குப் போய் ஒரு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி ஏறிவிட்டாள். ஜூஸை அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

வியாழன், வெள்ளி, சனி. போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். அவள் அப்பாவிடம் சொல்லியிருப்பாளா? அப்பா மாமாக்களிடம் சொல்லியிருப்பாரா? ரயிலில் தினமும் சீட்டு பிடித்து வைக்கிறவர் ஒரு நாள் சும்மா, "என்ன குமரேசா, மூஞ்சி வாடியிருக்கு?" என்றார். விஷயம் வந்துவிட்டது என்றே நினைத்தான். அம்மாவோ பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அவனை எழுத வைத்தாள். அவன் எழுதினான். ஒவ்வொரு பெயரும், நாளைக்கு அவனைப் பற்றிப் பேசப்போகும் ஒரு வாயாகத் தெரிந்தது.

ஞாயிறு காலையில் புனிதாவின் அப்பா துரைக்கண்ணு மொபெட்டில் வந்தார். முன்னால் ஒரு துணிப்பை தொங்கியது. நிச்சயத்தன்று இவர்கள் வைத்த புடவையும் தட்டும் அதில் இருந்தன. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்கள மன்னிச்சிருங்கம்மா" என்றார் கிருஷ்ணவேணியைப் பார்த்து. "பொண்ணு இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லுது. ஏன்னு கேட்டா வாயத் தொறக்கல. மூணு நாளா கேட்டுட்டேன். நேத்து கைகூட ஓங்கிட்டேன். வளந்த புள்ள... அப்பவும் சொல்லல."

குமரேசன் அறை வாசலில் நின்றிருந்தான். சொல்லவில்லை. அவள் சொல்லவில்லை! முதலில் வந்தது ஆறுதல்தான். அந்த ஆறுதலை அவன் பிறகு எத்தனையோ நாள் நினைத்து வெட்கப்பட்டான்.

கிருஷ்ணவேணி தட்டையும் புடவையையும் பார்த்தாள். பிறகு பொரிந்து தள்ளிவிட்டாள். "ஊரைக் கூட்டி நிச்சயம் பண்ணிட்டு இப்ப வந்து வேணாம்னா? எம்புள்ளைக்கு என்னா கொறச்சல்? உங்க பொண்ணு வேலைக்குப் போற எடத்துல எவனையாச்சும் பார்த்து வச்சிருக்குதான்னு விசாரிச்சீங்களா? வாயத் தொறக்கலன்னா அதானே அர்த்தம்!"

துரைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். அப்படி இருக்குமோ என்று அவரும் நினைத்திருக்கிறார் என்பது அந்தக் குனிவில் தெரிந்தது.

"அம்மா, நிறுத்து" என்றான் குமரேசன். லேபில் கூப்பிடுகிற குரல் இல்லை, ஏதோ ஒரு குரல். "அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. நான்தான் புதன்கிழமை அவங்களைக் கூப்பிட்டு, என்னால கட்டிக்க முடியாதுன்னு சொன்னேன். அவங்க என்னைக் காட்டிக் கொடுக்காம இருந்திருக்காங்க."

"என்னாடா உளர்ற?"

"நெசந்தாம்மா."

துரைக்கண்ணு மெதுவாக நிமிர்ந்தார். "எங்க பொண்ணுகிட்ட என்ன தம்பி கொறை?"

"ஒரு கொறையும் இல்லீங்க. நல்லவங்க. என்னால எந்தப் பொண்ணையும் கட்டிக்க முடியாதுங்க. அவ்வளவுதான்."

அவர் அவனை நெடுநேரம் பார்த்தார். புரிந்ததோ, பாதி புரிந்ததோ. "இதை ஆம்பளையா என்கிட்ட வந்து நீயே சொல்லியிருந்தா, நேத்து நான் எம்பொண்ணு மேல கை ஓங்கியிருக்க மாட்டேனேப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. பையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். கிருஷ்ணவேணி அவருக்காகக் கொண்டுவந்து வைத்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. அம்மா சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், போய்விடுவாள். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பையனுக்கு வேலை போய்விட்டது என்றார்கள். ரத்தத்தில் என்னவோ நோய் என்றார்கள். பெண் வீட்டில் நகை குறைத்துவிட்டார்கள் என்றார்கள். உண்மையைத் தவிர எல்லாம் சுற்றியது. அது எந்த நாள் வரும் என்று குமரேசன் காத்துக்கொண்டேயிருந்தான். பொங்கல் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது. "புனிதா. வீட்டில் அப்பா இப்போது பேசுகிறார். வேலைக்குப் போகிறேன். பதில் அனுப்ப வேண்டாம்." அவன் பதில் அனுப்பவில்லை. அந்தச் செய்தியை அழிக்கவுமில்லை.

மாசியில் அம்மாவுக்குக் கண் மங்கலாகத் தெரிந்தது. விழுப்புரத்தில் கண் டாக்டரிடம் காட்டலாம் என்று அவளை ரயிலில் கூட்டிப் போனான். ஜன்னலோரம் உட்கார வைத்தான். மயிலம் தாண்டியதும் எதிரே இருந்தவர்கள் எழுந்து வாசல் பக்கம் போனார்கள். கிருஷ்ணவேணி வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்னா சொன்ன?"

"என்னம்மா?"

"அவகிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லு. வேற எதையும் சேர்க்காத, கொறைக்காத."

அடுத்து பேரணி ஸ்டேஷன், அப்புறம் விக்கிரவாண்டி. வண்டி நின்றால் ஆள் ஏறும். இப்போது சொல்லாவிட்டால் அம்மா மறுபடி கேட்க மாட்டாள் என்று தெரிந்தது. அவள் காதருகே குனிந்து, பேக்கரியில் சொன்னதை அதே வார்த்தைகளில் சொன்னான். துரோகம் என்ற வார்த்தை வரைக்கும் சொன்னான்.

அவள் திரும்பவில்லை. மங்கிய கண்ணுக்கு வெளியே என்ன தெரிந்ததோ, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேரணி வந்தது, போனது. விக்கிரவாண்டியில் ஒரு குடும்பம் ஏறி எதிரே உட்கார்ந்தது. முண்டியம்பாக்கமும் போனது. அவன் அவளுடைய கையைப் பார்த்தான். முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தது.

விழுப்புரத்தில் இறங்கும்போது படி உயரமாக இருந்தது. அவன் கையை நீட்டினான். பிடிப்பாளா என்று ஒரு கணம் நின்றான். அவள் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"டோக்கன் போடுறதுக்குள்ள கூட்டம் சேர்ந்துடும்" என்றாள். "ஜல்தி நட."